கொள்ளிவாய்ப் பேயின் நெஞ்சம்

கதை கேட்கும் வேட்கை மக்கட்கு இயல்பாக அமைந்ததொன்று. அவ்வேட்கையினுள்ளே மற்றொரு வேட்கையும் மறைந்து கிடக்கின்றது. கொடியவர் ஒருவர் கதையில் தோன்றுவராயின், அவர் வீழும் பொழுதை எதிர்நோக்கியே நாம் காத்திருக்கின்றோம். அவர் வீழ்ந்ததும் நெஞ்சு நிறைவெய்துகின்றது. விளக்கை அணைத்துவிட்டு உறங்கச் செல்கின்றோம். அவர் எங்ஙனம் கொடியவராயினர், அதற்கு முன்னர் யாவராயிருந்தனர் என வினவுவார் அரியர். அங்ஙனம் வினவின், அதன் விடை நம் வீட்டு வாயிலிலேயே வந்து நின்றுவிடுமோ என்னும் அச்சமும் நம்மைத் தடுக்கின்றது போலும். இதனை யாம் உணர்ந்தது சிறுவர்க்கென ஆக்கப்பட்ட ஒரு சித்திரப் படத்தினால் என்று கூறின், அன்பர்கள் நகைத்தல் கூடும். எனினும் உண்மை அதுவேயாகலின் அதனை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

சென்ற கோடை விடுமுறையில் எம் தமக்கையார் இல்லத்திற் சில நாள் தங்கியிருந்தோம். அவர்தம் மகள் எட்டு வயதுச் சிறுமி. ஒருநாள் மாலை மழை பிடித்துக்கொண்டமையால் வெளியே செல்ல இயலாது, அவளுடன் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்தோம். அவள் விரும்பி வைத்த படம் 'மோவானா' என்பது. அமெரிக்க நாட்டு வால்ட் டிஸ்னி நிலையத்தார் 2016-ஆம் ஆண்டில் வெளியிட்டது அது. ரான் கிளெமென்ட்ஸ், ஜான் மஸ்கர் என்னும் இருவரால் இயக்கப்பெற்றது. கதை நிகழுமிடம் பசிபிக் மாகடலிற் சிதறிக் கிடக்கும் பாலினீசியத் தீவுகளாம். அத்தீவினருள் அறிஞர், மாலுமிகள் முதலியோரைக் கலந்துகொண்டே அதனை ஆக்கினர் என்பதும், தலைவிக்குக் குரல் தந்த இளநங்கையும் ஹவாய்த் தீவினர் என்பதும் யாம் பின்னர்ப் படித்தறிந்தவை. அன்று மாலையோ, சிறுமியை மகிழ்விக்கும் பொருட்டு அரைமனத்துடனேயே அமர்ந்தோம்.

கதை ஒரு பாட்டியின் வாய்மொழியாகத் தொடங்குகின்றது. ஆதியிற் கடலன்றிப் பிறிதொன்றும் இல்லை. அக்கடலினின்றும் தே ஃபிட்டி என்னும் தாய்த்தீவு எழுந்தது. அவள் நெஞ்சம் ஒரு சிறு பச்சைக் கல், சுழி பொறிக்கப்பெற்றது, உயிர்களைப் படைக்கும் ஆற்றலுடையது. மாவுயி என்னும் தேவவீரன், வேண்டிய வடிவெடுக்க வல்லவன், தன் மாயத் தூண்டிலின் துணைகொண்டு அதனைக் கவர்ந்தான். அந்நொடியே தே ஃபிட்டி சிதையத் தொடங்கினாள். தப்பியோடிய மாவுயியைத் தே கா என்னும் தீயுருவினள் எதிர்த்து வானினின்றும் வீழ்த்தினாள்; தூண்டிலும் கல்லும் கடலுள் மறைந்தன. 'கா' என்பது மாவோரி மொழியில் எரிதலைக் குறிக்கும் சொல். அன்று தொட்டு ஆயிரம் ஆண்டுகளாக இருள் ஒன்று தீவு தீவாகப் பரவி வருகின்றது. மீன்கள் மறைகின்றன, தேங்காய்கள் உள்ளே கருகிப் போகின்றன. அக்கல்லைக் கொண்டுபோய் இருந்த இடத்தே வைத்தால் இருள் அகலும் என்பது பாட்டியின் நம்பிக்கை. தலைவன் மகளாகிய மோவானாவைக் கடலே அப்பணிக்குத் தேர்ந்துகொள்கின்றது.

தே கா வரும் காட்சிகள் அச்சந்தருவன. கரிய பாறையே உடல், பிளவுகள் தோறும் தீக்குழம்பு, கூந்தலாகப் புகை. அவள் வாய் திறந்து ஒரு சொல்லும் கூறுவதில்லை. முழக்கம் ஒன்றே கேட்கின்றது. நெருப்புருண்டைகளை அள்ளி அள்ளி வீசுகின்றாள். முதற் போரில் மோவானாவின் தோணி தூக்கியெறியப்பட்டு, மாவுயியின் தூண்டில் பிளவுண்டபோது, எம் உள்ளம் அவ்வுருவின்மீது கொண்ட சினம் எமக்கே வியப்பாயிருந்தது. அவளுக்கு நீர் பகை. கடலில் தள்ளிவிடின் அவிந்துபோவாளன்றோ, அதைச் செய்தற்கு என்ன தடை என்று வாய்விட்டுக் கூறினோம். சிறுமி விடையளிக்கவில்லை. அவள் அப்படத்தைப் பன்முறை கண்டவள்.

இறுதியில் மோவானா தீயரணைக் கடந்து, தாய்த்தீவு இருக்க வேண்டிய இடத்தை அடைகின்றாள். ஆங்கே தீவு இல்லை. கடலின் நடுவே, ஒரு பெண் படுத்திருந்து எழுந்துபோனாற்போன்ற பள்ளம் மட்டுமே காண்கின்றது. கல்லைக் கொடுக்க வந்தவளுக்குக் கொள்வாரைக் காணோம். திகைத்துத் திரும்பிப் பார்க்கின்றாள். அப்பொழுது எம் அருகிலிருந்த சிறுமி எம் கையைப் பற்றி, "மாமா, அவள் நெஞ்சைப் பாருங்கள், சுழி இருக்கிறது" என்றாள். பார்த்தோம். கரிய பாறையின் நடுவே, தீயொளியில், கல்லிற் கண்ட அதே சுழி. முன்னைக் காட்சிகளிலும் அஃது ஆங்கு இருந்திருத்தல் கூடும். யாமோ அவள் வீசிய நெருப்பையே பார்த்திருந்தோம்.

அதன்பின் நிகழ்வது போர் அன்று. மோவானா பச்சைக் கல்லை உயர்த்திக் காட்டுகின்றாள். அதன் ஒளி கண்டு தீயுருவினள் திரும்புகின்றாள். 'அவளை என்னிடம் வரவிடு' என மோவானா கடலை வேண்ட, கடல் இரு பிளவாகி வழி விடுகின்றது. பேயெனப்பட்டவள் முழங்கிக்கொண்டு கையூன்றிப் பாய்ந்து வருகின்றாள். சிறுமியோ ஓடவில்லை, பாடிக்கொண்டே எதிர்நோக்கி நடக்கின்றாள். களவு போனது உன் நெஞ்சம். இத்தீயுரு உன் இயல்பன்று. நீ யார் என்பதை நீயே அறிவாய் என்பது அவள் பாட்டின் கருத்து. வர வர முழக்கம் தணிகின்றது, தீ மங்குகின்றது. தே கா குனிந்து கண்களை மூடுகின்றாள். இருவர் நெற்றியும் ஒன்றையொன்று தொடுகின்றன. அஃது அத்தீவு மக்கள் ஒருவரையொருவர் வரவேற்கும் முறை. கல் சுழியிற் பொருந்துகின்றது. பாறை வெடித்து உதிர, உள்ளிருந்து பசுமை துளிர்க்கின்றது. தேடிவந்த தெய்வமும், அஞ்சியோடிய பேயும் ஒருத்தியே!

இக்காட்சியை யாம் பின்னரும் இருமுறை தனியே கண்டோம். எம் உள்ளத்தைத் தைத்தவை மூன்று. அவள் தன்னை மறந்ததற்குக் காரணம், தன்னை இழந்தமை. நினைவு வேறு, நெஞ்சம் வேறு என்றின்றி, ஒன்று போனதும் மற்றொன்றும் பாறைக்கடியிற் புதைந்தது. ஆயிரம் ஆண்டுகள் அவள் வீசிய நெருப்பெல்லாம் 'என்னுடையது எங்கே' என்னும் ஒரே வினாவாம். மொழியற்றவள் வேறெவ்வாறு வினவுவாள்? இரண்டாவது, அவளைப் பேயாக்கியவன் கொடியவன் அல்லன். பெற்றோராற் கடலில் எறியப்பட்டு, தெய்வங்களால் வளர்க்கப்பட்ட மாவுயி, மக்கள் அன்பைப் பெறும் பொருட்டே அருஞ்செயல்கள் புரிந்தான். அக்கல்லையும் மக்கட்குக் கொடுப்பதற்கென்றே எடுத்தான். எனவே அக்களவின் பயனை எதிர்பார்த்திருந்தவர் நம்மனோரே. மூன்றாவது, நினைவூட்டுதல் மட்டும் அவளை மீட்கவில்லை. 'நீ இன்னாள்' என்று கூறிய அதே கையில், எடுக்கப்பட்ட பொருளும் இருந்தது. வெறுங்கையோடு சென்று அறிவுரை கூறியிருப்பின், அவள் முழக்கம் ஒருகாலும் தணிந்திராது.

அத்தீவினர் பழங்கதைகளிலும் இத்தகைய மாற்றம் ஒன்று உண்டு. மாவோரி மக்கள் போற்றும் ஹினே நூயி தே போ என்பவள் இருளுக்கும் இறப்புக்கும் தலைவி. நிலையாமையை வெல்லக் கருதிய மாவுயியும் அவளாலேயே மாண்டான் என்பது அவர்கள் மரபு. ஆயின் அவள் பிறந்தபோது இருளின் தலைவி அல்லள். ஹினே தீத்தாமா என்னும் விடியற்காலை நங்கை. தன் கணவனாகிய தானே என்பவனே தன் தந்தை என்னும் மறைக்கப்பட்ட உண்மையை அறிந்த நாளில், ஒளியுலகை விட்டுக் கீழுலகம் சென்றாள். இறந்து வரும் தன் மக்களை ஆங்கிருந்து ஏற்றுக்கொள்கின்றாள். இருளின் தலைவியைக் கண்டு அஞ்சுவோர், விடியல் அவளிடத்தே இருந்தது என்பதை மறவாதிருத்தற்கே முன்னோர் இக்கதையைப் போற்றி வைத்தனர் போலும்.

படத்தில் புதைந்த நினைவு தே காவினுடையது மட்டுமன்று. மோவானாவின் ஊரார், பவளத் திட்டுக்கு அப்பாற் செல்லலாகாது என்னும் கட்டளைக்கு உட்பட்டவர். ஆயினும் அருவிக்குப் பின்னேயுள்ள குகையொன்றில் அவர்தம் முன்னோரின் பெருந்தோணிகள் மறைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. தாம் கடலோடிகளின் வழித்தோன்றல்கள் என்பதையே அவர்கள் மறந்திருந்தனர். இது வெறுங் கற்பனையன்று. சமோவா, தொங்கா முதலிய தீவுகளில் ஏறத்தாழ 2,800 ஆண்டுகட்கு முன் குடியேறியவர்கள், கிழக்கேயுள்ள தாகித்தி முதலியவற்றிற்குச் செல்லுமுன் ஆயிரம் ஆண்டுகட்கு மேலாகத் தயங்கி நின்றனர் என ஆராய்ச்சியாளர் பலர் கூறுவர்.

அண்மைக் காலத்தும் அம்மக்கள் ஒருமுறை தம்மை மறக்கச் செய்யப்பட்டனர். ஹவாயில் 1896-ஆம் ஆண்டுச் சட்டமொன்று பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என விதித்தது. மீன்களையும் அலைகளையும் விண்மீன்களையும் நோக்கிக் கலம் செலுத்தும் கலை அங்கே அற்றுப்போயிற்று. அம்மக்களின் முன்னோர் காற்றடித்த பக்கம் மிதந்துவந்து தற்செயலாகக் கரையேறினர் என்று எழுதிய மேனாட்டாரும் உளர். 1973-ஆம் ஆண்டில் சிலர் கூடிக் கழகமொன்று நிறுவி, பண்டை முறையில் இரட்டைத் தோணி ஒன்று சமைத்து, ஹோகூலேஆ எனப் பெயரிட்டனர். கலம் இருந்தது, வழி அறிந்தார் இல்லை. ஆதலின் மைக்ரோனீசியாவிலுள்ள சடவால் என்னும் சிறு தீவினின்றும் மாவு பியாலுக் என்பாரை வருவித்தனர். திசைகாட்டும் கருவி ஏதுமின்றி அவர் வழிகாட்ட, 1976-ஆம் ஆண்டு மே மாதம் 1-ஆம் நாள் புறப்பட்ட அத்தோணி, ஏறத்தாழ 2,500 மைல் கடந்து, ஜூன் 4-ஆம் நாள் தாகித்தியை அடைந்தது. கரையில் ஏறத்தாழ 17,000 மக்கள் திரண்டு நின்றனர். ஈண்டும் நினைவு தானே வரவில்லை; அதனைப் போற்றி வைத்திருந்த ஒருவர் கொண்டுவந்து கையிற் கொடுக்க வேண்டியிருந்தது.

இவ்வளவும் பிறர் கதை. படம் கண்ட அன்றிரவு எமக்கு உறக்கம் வாராமைக்குக் காரணம் வேறு.

இக்கல்லூரியிற் சேர்வதற்கு முன், வேறோர் ஊரிற் பள்ளி விடுதியொன்றில் யாம் தங்கிப் பயின்றோம். முப்பது ஆண்டுகட்கு மேலாயின. ஆங்கு உணவு பரிமாறும் அம்மையார் ஒருவர் இருந்தார். ஆயா என்று அழைப்போம். சரக்கறையின் சாவிக்கொத்து அவர் இடுப்பில் எப்போதும் தொங்கும். காய்ச்சல் கண்ட மாணவர்க்குத் தனியே கஞ்சி காய்ச்சி, மாடிக்கே சுமந்து வருவார். ஒருநாள் எம் அறைத் தோழன் ஒருவனுடைய பரீட்சைக் கட்டணப் பணம் 85 ரூபாயைக் காணோம். அன்று காலை அறைக்குள் வந்தவர் கஞ்சி கொணர்ந்த ஆயா ஒருவரே. விசாரணை நடந்தது. சான்று இல்லாமையால் வேலையை விட்டு நீக்கவில்லை. சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு, கொல்லைப்புறத்தில் அண்டா துலக்கும் வேலைக்கு அனுப்பிவிட்டனர். மாணவர் அறைப்பக்கம் வரலாகாது என்றும் கட்டளை பிறந்தது.

பருவ இறுதியில் ஊருக்குப் புறப்பட மூட்டை கட்டுங்கால், அத்தோழனுடைய டிரங்குப் பெட்டியின் அடியில், மடித்த வேட்டிக்குள் அப்பணம் அகப்பட்டது. அவன் தானே வைத்து மறந்தது. அறையில் நால்வர் இருந்தோம். வெளியிற் சொன்னால் பிரம்படி கிடைக்கும் என அவன் அழுதான். ஒருவருக்கும் சொல்வதில்லை என்று நால்வரும் கையடித்துக்கொண்டோம். யாம் அவர்களுள் ஒருவர்.

அடுத்த ஆண்டு முதல் ஆயா வேறொருவராயினர். கொல்லைப்பக்கம் போகும் சிறுவரை ஏசுவார். தண்ணீர்ச் செம்பை வீசியெறிவார். சாம்பலும் தேங்காய் நாருமாக அண்டாக்களுடன் ஓயாது போராடிக்கொண்டிருப்பார். புதிதாக வந்த சிறுவர் அவருக்குக் 'கொள்ளிவாய்ப் பேய்' என்று பெயரிட்டனர். கஞ்சி சுமந்துவந்த கைகளை அவர்கள் கண்டதில்லை. யாம் கண்டிருந்தோம், எனினும் அப்பெயரைக் கேட்டு அவர்களோடு சேர்ந்து நகைத்தோம்.

பழைய தோழர் ஒருவர் வாயிலாக உசாவியதில், ஆயா தம் மகள் வீட்டில் இருப்பதாக அறிந்தோம். ஒரு மாதம் தயங்கினோம், பின்னர்ச் சென்றோம். எழுபத்தைந்து வயதைக் கடந்தவர்; திண்ணையில் முறத்தை வைத்துப் புளி ஆய்ந்துகொண்டிருந்தார். எம்மை அடையாளம் தெரியவில்லை. விடுதியின் பெயர் கூறினோம், முகத்தில் மாற்றமில்லை. சாவிக்கொத்து என்றதும் கை நின்றது. நிகழ்ந்தது முழுவதும் சொன்னோம்.

"அன்றைக்கே தெரியுமா தம்பி?" என்றார்.

"தெரியும் ஆயா."

நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அவர் போய் எட்டு வருஷமாகிறது. நான்தான் எடுத்தேன் என்று கடைசிமட்டும் நினைத்திருந்தார்" என்றார். அவர் என்றது தம் கணவரை. அதற்கு விடையாக எம்மிடம் ஒரு சொல்லும் இல்லை.

"வாய்ச்சொல் வேண்டாம். எழுதிக் கொடு" என்றார் மீண்டும். பேரனின் நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. பணம் அகப்பட்ட ஆண்டும், மாதமும், அகப்பட்ட இடமும், அறிந்திருந்தும் மறைத்த குற்றமும் எழுதி, ஆயாவின் முழுப் பெயரையும் குறித்துக் கையொப்பமிட்டோம். அப்பெயரை அன்றுதான் முதன்முதல் கேட்டறிந்தோம் என்பதைச் சொல்ல நாணுகின்றோம். அதனை அச்சிட அவரிடம் இசைவு கேளாமையால் ஈண்டு விடுக்கின்றோம். மகளை அழைத்து உரக்கப் படிக்கச் சொன்னார். படித்து முடித்தபின், மற்றொரு முறை படி என்றார். இரண்டாம் முறை படிக்கும்போது மகளின் குரல் தடைப்பட்டது. "நான் சொன்னேனே" என்றார் ஆயா, எம்மை நோக்கியன்று, மகளை நோக்கி. தாளை மடித்து மடியிற் செருகிக்கொண்டார். சாவிக்கொத்து தொங்கிய அதே பக்கம். மன்னித்தேன் என்று அவர் கூறவில்லை, யாமும் கேட்கவில்லை.

சித்திரப் படத்தில் கல்லை வைத்த நொடியே தீவெல்லாம் பசுமை பூக்கின்றது. மாவுயி தவற்றை ஒப்புக்கொண்டதும், உடைந்த தூண்டிலுக்கு ஈடாகப் புதியதொன்றும் அத்தாயிடமிருந்து பெறுகின்றான். வாழ்க்கையில் அங்ஙனம் நிகழ்வதில்லை. முப்பது ஆண்டு பிந்திக் கொண்டுசென்ற கல், பொருந்த வேண்டிய சுழியில் பாதியிற்றான் பொருந்துகின்றது. மற்றப் பாதி இறந்தாரோடு போய்விட்டது. ஆயினும் கொண்டுசெல்லாதிருத்தலினும் அது நன்று என்பதை, அத்தாளை மடித்த கைகளிற் கண்டோம்.

இவ்விதழைப் படிக்கும் மாணவ நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். நும் விடுதியிலும் வகுப்பிலும் வீட்டிலும், ஓயாது சினந்து எரிவார் ஒருவர் இருப்பின், அவருக்குப் பட்டப்பெயர் இடுமுன் அவர் நெஞ்சிற் சுழி உளதோ என்று சற்றே நோக்குமின். அவரிடமிருந்து எடுக்கப்பட்டது யாதென உசாவுமின். அஃது ஒருகால் நும் பெட்டியின் அடியிலேயே, மடித்த துணிக்குள் கிடப்பதாயின், நாளை என்னாது இன்றே எடுத்துக்கொண்டு நடமின்.